சும்மா ஒரு சைக்கிள் ஓட்டம்

அரியாலை ஒழுங்கை ஒன்றில் சைக்கிளில் போகும் ஆளைக் கண்டால் படலையில் நிற்பவர் கேட்பது ஒன்றுதான்: "எங்கை, இந்தப் பக்கம்?" துருவுகிற கேள்வி இல்லை, ஊர் வழக்கம். ஆனால் அதற்கு ஊர் ஒத்துக்கொள்ளும் மறுமொழிகள் கொஞ்சம்தான். கடைக்கு, கோயிலுக்கு, ரியூசனுக்கு, சங்கத்துக்கு, செத்தவீட்டுக்கு. "சும்மா சைக்கிள் ஓட வந்தனான்" என்றால் கேட்டவர் சிரித்துத் தலையாட்டுவார், நம்பமாட்டார். பின்னேரத்தில் மோட்டார் சைக்கிளில் ஏறிப் பண்ணைக் கடற்கரைக்குக் காத்து வாங்கப் போகிற பெடியனை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. சைக்கிள் மட்டும் எப்போதும் ஒரு காரணத்தோடு ஓடவேண்டும் என்று எங்களுக்குள் ஒரு சட்டம் ஊறிக் கிடக்கிறது. இந்தப் பதிவு அந்தச் சட்டத்துக்கு எதிரானது. போய்ச் சேர இடமில்லாமல், ஓடுவது நல்லாயிருக்கு என்பதற்காகவே ஓடும் சைக்கிள்தான் யாழ்ப்பாணத்தில் சைக்கிளை இனி உயிரோடு வைத்திருக்கும் என்பது என் கட்சி. தேவைக்காக ஓடியதைத் தேவை முடிந்த கையோடு சாத்திவைத்துவிட்டோம். அதுவும் ஒரு தரம் இல்லை, திரும்பத் திரும்ப.

முதல் சாட்சி எல்லாருக்கும் தெரிந்தது. 1990 யூனில் சண்டை திரும்ப மூண்டபின் குடாநாட்டுக்கு ரயில் நின்றது, மின்சாரம் போனது, பெற்றோலும் பற்றரியும் தடைப் பட்டியலுக்குள் போயின. அடுத்த ஐந்து வருடமும் யாழ்ப்பாணம் சைக்கிளில்தான் நடமாடியது. நோயாளியைக் கரியரில் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தென்மராட்சி விறகு நாவற்குழிப் பாலத்தால் சைக்கிளில் வந்தது. கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்து சாமான் கட்டி வந்தவர்கள் சைக்கிளையும் வள்ளத்தில் ஏற்றினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட ஊர் இது. கார்புரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணிப் பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் புகைக்கு நடுவில் நம்பிப் போகக்கூடிய வாகனம் சைக்கிள் ஒன்றுதான். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் எழுந்து தென்மராட்சிக்குப் போனபோது அந்தச் சனம் போன வழி இந்தக் கண்டி வீதிதான்: அரியாலை, செம்மணி, நாவற்குழிப் பாலம். மழை. லட்சக்கணக்கான சனம். சைக்கிளில் ஏறி ஓட இடமில்லை, உருட்டத்தான் முடிந்தது. பாரில் பிள்ளை, கரியரில் பெட்டி, ஹாண்டிலில் சட்டி பானை. சைக்கிள் அன்று ஒரு கைவண்டி.

இப்படிக் கூட வந்த சாமானை யாராவது கைவிடுவார்களா என்று கேட்கலாம். விட்டோம். 2002 ஏப்ரலில் ஏ9, அதே கண்டி வீதி, திறந்ததும் மோட்டார் சைக்கிள்கள் வந்து இறங்கத் தொடங்கின. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடிச் சாமான்கள் தட்டுப்பட்டபோது சைக்கிளும் முன்னுக்கு வந்தது. 2009க்குப் பிறகு பாதையோடு லீசிங் கொம்பனிகளும் வந்தன, சைக்கிள் பின்னுக்குப் போனது. இதில் யாரையும் குறைசொல்ல என்னால் முடியாது. பத்து வருடம் முதுகு முறிய மிதித்தவனுக்கு ஆக்சிலேற்றரை முறுக்குவதில் ஒரு விடுதலை இருக்கத்தான் செய்யும். ஒரு சமூகம் சைக்கிளால் பிழைத்தது என்பதற்காக அதை நேசிக்கும் என்று எதிர்பார்ப்பது பிழையான கணக்கு. பிழைக்க உதவிய சாமான்களை நாங்கள் பெரும்பாலும் கண்ணில் படாமல் வைக்கத்தான் விரும்புகிறோம். ஜாம் போத்தலுக்குள் திரி வைத்த அந்தச் சிக்கன விளக்கை இன்று எந்த வீட்டு மேசையிலும் காண முடியாது, அதன் வெளிச்சத்தில் படித்தவர்கள் பேராசிரியர்களாக இருந்தாலும்.

இரண்டாவது சாட்சி 2022. எனக்கு இது முந்தியதைவிடப் பெறுமதியானது, ஏனென்றால் இதில் ஷெல்லும் இடப்பெயர்வும் கலக்கவில்லை, வெறும் எரிபொருள்தான். யூன் கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. எண்ணெய்ச் செற்றடியில் நாள்கணக்கில் வரிசை. பிறகு கியூஆர் அட்டை வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். நாடு முழுக்கச் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு, விலை பல மடங்கு. உத்தியோகத்தர்களும் ஆசிரியர்களும் வைத்தியர்களும் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள், பத்திரிகைகள் படம் போட்டன, இனிச் சைக்கிள் காலந்தான் என்று எழுதாத ஆள் இல்லை. 2023 செப்ரெம்பரில் கியூஆர் முறையே எடுபட்டது. அப்போது வாங்கிய சைக்கிள்கள் இன்றைக்கும் இருக்கின்றன: விறாந்தை மூலையிலும் கோடிப்புறத்துப் பத்தியிலும், காற்றுப் போன ரயரோடு. கட்டாயம் எத்தனை லட்சம் பேரையும் சைக்கிளில் ஏற்றும். ஆனால் தான் போகும்போது எல்லாரையும் இறக்கிவிட்டுத்தான் போகும்.

வேறு இடங்களில் இதே மாதிரி நெருக்கடி வேறு மாதிரி முடிந்திருக்கிறது. 1973 ஒக்ரோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது ஒல்லாந்து அரசு நவம்பரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடத் தடை போட்டது. சனம் நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓடியது, பிள்ளைகள் சில்லுச் சப்பாத்துப் போட்டு ஓடின. சில கிழமைகள்தான். ஒல்லாந்து சைக்கிள் நாடாக நிலைத்ததற்கு அதுமட்டும் காரணம் என்று சொல்ல வரவில்லை. வீதியில் பிள்ளைகள் சாவதை நிறுத்தச் சொல்லி அதே காலத்தில் நடந்த போராட்டம் பெரிய காரணம். ஆனாலும் அவர்களுக்கு நெருக்கடி விட்டுப்போன ஞாபகம் விளையாட்டு, எங்களுக்கு வரிசை. கொலம்பியாவின் பொகோட்டா நகரம் இன்னும் பொருத்தமான உதாரணம், ஏனென்றால் அது பணக்கார ஊர் இல்லை. 1974 முதல் அங்கே ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாள்களும் காலை ஏழிலிருந்து மத்தியானம் இரண்டு வரை பெரிய வீதிகளை வாகனத்துக்கு மூடி, சைக்கிளுக்கும் நடைக்கும் விடுகிறார்கள். இப்போது அது 120 கிலோமீற்றருக்கு மேல். வேலைக்குப் போகிறவர்களுக்கான சைக்கிள் பாதைகளை அந்த நகரம் பெருமளவில் போட்டது 1990களின் கடைசியில்தான். முதலில் ஞாயிற்றுக்கிழமை உலாத்தல், கால் நூற்றாண்டு கழித்துத் திங்கட்கிழமைப் பாதை. நாங்கள் எப்போதும் இந்த ஒழுங்கைத் தலைகீழாக நினைக்கிறோம்: முதலில் சைக்கிளின் பயனைச் சொல்லிச் சனத்தை ஏற்றவேண்டும், இன்பம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று.

சுகநலக் காரணத்தையும் நான் நம்பாதது இதனால்தான். சீனி வருத்தத்துக்கும் பிறஷருக்கும் சைக்கிள் நல்லது என்று கிளினிக்கில் சொல்லுவார்கள், உண்மைதான். ஆனால் மருந்தாகக் குடிக்கும் எதையும் ஆள்கள் வருத்தம் குறைந்த அன்று நிறுத்திவிடுவார்கள். அதுவும் ஒரு கியூஆர் அட்டைதான்.

சரி, இன்பம் என்கிறாயே, அரியாலையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால், முதலில் தரை இருக்கிறது. இவான் இல்லிச் 1970களில் 'ஆற்றலும் சமத்துவமும்' என்ற சிறிய நூலில் ஒரு கணக்குச் சொன்னார்: சைக்கிளில் போகிறவன் நடப்பவனைவிட மூன்று நாலு மடங்கு வேகமாகப் போகிறான், அதற்கு அவன் செலவழிக்கும் சக்தியோ ஐந்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்கு கண்டியிலோ பண்டாரவளையிலோ கொஞ்சம் மூச்சு வாங்கும். குடாநாடு சுண்ணக்கல் தட்டு, கடல் மட்டத்துக்குச் சில மீற்றர்தான் உயரம், இங்கே அது அப்படியே பலிக்கும். கியர் வேண்டாம். லுமாலாச் சைக்கிள் போதும். அடுத்தது, அரியாலை இருக்கிற இடம். யாழ்ப்பாணப் பட்டினத்தின் நெருக்கம் முடிந்து வெளி தொடங்கும் விளிம்பில் இருக்கிறது ஊர். கிழக்கே அரை மணி மிதித்தால் கடனீரேரி, மேற்கே அதே அரை மணியில் கோட்டை. ஒரே பின்னேரத்தில் வயல், உப்புத்தரை, செம்மண் தோட்டம், கோயில் வீதி, மீன் சந்தை எல்லாவற்றுக்குள்ளாலும் போய்வரக்கூடிய ஊர்கள் இலங்கையில் அதிகம் இல்லை.

கிழக்கு வட்டத்தைச் சொல்கிறேன். கண்டி வீதியால் போனால் வீடுகள் ஐதாகி, செம்மணியில் வானம் திடீரென்று அகலும். இரண்டு பக்கமும் பழைய உப்பள வெளி, தரவை, பக்கத்தில் 1990இல் நின்று 2014 ஒக்ரோபரில் திரும்ப வந்த ரயில் பாதை. மாரிக்குப் பிறகு வலசைப் பறவைகள் இறங்கும் இடம். உப்பாறு இங்கேதான் கடனீரேரியோடு சேர்கிறது. சேராமல் மறிக்க அரியாலையில் ஒரு தடுப்பணை கட்டியிருக்கிறார்கள், பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தின் ஒரு துண்டு அது. வன்னியில் கடலுக்குப் போகும் மழைநீரை ஆனையிறவிலிருந்து வடமராட்சிக் கடனீரேரிக்குத் திருப்பி, அங்கிருந்து உப்பாற்றுக்குள் விட்டு, இரண்டு வாயையும் அடைத்து, உப்புத் தண்ணீரை நாளடைவில் நல்ல தண்ணீராக்குவது யோசனை. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் முழுமையடையாத யோசனை. மோட்டார் சைக்கிளில் இதைக் கடக்க ஐந்து நிமிடம் காணும், அந்த ஐந்து நிமிடமும் கண் முன்னால் போகும் பஸ்ஸில் இருக்கும். சைக்கிளில் போகிறவனுக்குத்தான் தண்ணீர் எந்தப் பக்கம் ஏறி நிற்கிறது, எந்த மாதம் வெளி வெடித்துக் கிடக்கிறது என்று தெரியும். பாலம் தாண்டி நாவற்குழியில் சிவபூமி அறக்கட்டளையின் திருவாசக அரண்மனை, 2018இல் திறந்தது. திருவாசகம் முழுவதையும் கருங்கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நின்று பார்க்கலாம், நேரமில்லாவிட்டால் சைக்கிளில் இருந்தபடி ஒரு கும்பிடு. பிறகு கைதடி வயல். அங்கிருந்து கோப்பாய்க்குத் திரும்பும் வீதி மறுபடி உப்பாற்றைக் கடக்கும். இந்தப் பாலத்தில் வாகனம் குறைவு, பின்னேர வெயில் நேரே முகத்தில் விழும். கோப்பாய் ஏறியதும் மண் சிவக்கும். தோட்டம், வாழை, கிணற்றடி, இறைப்பு மெசின் சத்தம். இருபாலை, நல்லூர், செம்மணி வீதியால் திரும்ப அரியாலை. ஏறத்தாழ 20 கிலோமீற்றர், மெதுவாகப் போனாலும் இரண்டு மணித்தியாலம்.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் தெற்குப் பக்கம் இருக்கிறது. நெடுங்குளம், மணியந்தோட்டம், கொழும்புத்துறை இறங்குதுறை, யோகர் சுவாமி 1964இல் சமாதியடையும்வரை இருந்த கொட்டில், பாசையூர் அந்தோனியார் கோயில், குருநகர், கடற்கரையோடு பண்ணை. கிழக்கு அரியாலைக்குள் பூம்புகார்ப் பக்கம் போனால் வடலியும் மணல் ஒழுங்கையும். சில்லுப் புதையும், இறங்கி உருட்ட வேண்டிவரும், அதுவும் கெட்டுப்போன விசயம் இல்லை.

இனி மறுப்புகள். முதலாவது, இதுதான் பலமானது: உலாத்தலுக்குச் சைக்கிள் ஓடு என்பது வயிறு நிறைந்தவன் பேச்சு, கூலிக்குப் போகிறவனும் மீன்பெட்டி கட்டிப் போகிறவனும் முட்டி கட்டிப் போகிற சீவல்தொழிலாளியும் எரிபொருள் வந்தபிறகும் சைக்கிளை விடவில்லையே, அவர்களல்லவா அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள்? வைத்திருக்கிறார்கள்தான். ஆனால் அவர்களுடைய பிள்ளைகளைக் கேளுங்கள். முதல் சம்பளத்தில் மோட்டார் சைக்கிள் லீசிங்குக்குக் கையெழுத்து வைப்பது அந்தப் பிள்ளைகள்தான், காரணம் சைக்கிள் என்றால் வறுமை என்று ஊர் அவர்களுக்குப் படிப்பித்திருக்கிறது. வசதியுள்ளவன் வீட்டில் வாகனத்தை விட்டுவிட்டுச் சைக்கிளில் வீதிக்கு வந்தால்தான் அந்தப் படிப்பினை கொஞ்சமாவது கலையும். இன்னொன்று, உழைக்கும் மனிதன் சைக்கிளில் இன்பமே காண்பதில்லை என்று நாங்கள் எப்படி முடிவெடுத்தோம்? வேலை முடிந்து, பாரம் இறக்கி, பின்காற்றில் மிதிக்காமல் வரும் அந்தப் பத்து நிமிடம் அவனுடையதும்தான்.

இரண்டாவது மறுப்பு செம்மணி. அந்த வெளியால் உல்லாசமாகச் சைக்கிள் ஓடலாமா? 1998இல் கொலை வழக்கொன்றில் தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய் அங்கே ஆள்களைப் புதைத்திருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னபிறகு, 1999இல் தோண்டி 15 உடல்கள் எடுத்தார்கள். 2025இல் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு வெட்டிய மண்ணிலிருந்து எலும்புகள் வெளிவந்து, நீதிமன்ற உத்தரவில் நடந்த அகழ்வில் இருநூறுக்கு மேற்பட்ட மனித எச்சங்கள் எடுக்கப்பட்டன, பிள்ளைகளுடையதும். அந்த யூனில் அணையா விளக்கு ஏற்றிச் சனம் மூன்று நாள் இருந்தது. இதற்குப் பக்கத்தால் இன்பம் என்ற சொல்லோடு போவது கூசும், கூச வேண்டும். ஆனால் அந்த வீதி எப்படியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கொழும்பு பஸ் கண்ணாடியை மூடி ஏசி போட்டு அறுபது, எழுபதில் அந்த இடத்தைக் கடக்கிறது, உள்ளே படம் ஓடுகிறது. அந்த இடத்துக்கு மரியாதை எந்த வேகத்தில் இருக்கும் என்று யோசித்தால் எனக்குச் சைக்கிளின் வேகம் அநியாயமாகப் படவில்லை. இறங்கி நிற்கலாம். பேசாமல் உருட்டிக்கொண்டு போகலாம். ஊரின் வெளியை ஊரவர்கள் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு காவல். பயத்தினால் ஒரு தலைமுறை அந்தப் பக்கம் பார்க்காமல் போனதை மறக்க வேண்டாம்.

மூன்றாவதை யாரும் மறுப்பாகச் சொல்வதில்லை, ஆனால் நடைமுறையில் அதுதான் பெரிய வேலி: பெண்கள். யாழ்ப்பாணப் பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓடுவது வெளியூரார் வியந்து எழுதும் விசயம். காலையில் வெள்ளைச் சட்டையும் ரையுமாக நிரையாகப் போவார்கள், பின்னேரம் ரியூசன் முடிந்து நிரையாக வருவார்கள். எல்லாம் போக்குக்குக் காரணம் இருக்கும்வரைதான். அதே பிள்ளை ஞாயிற்றுக்கிழமை விடிய ஒன்றுமில்லாமல் கொழும்புத்துறை வரை ஓடிவரட்டும், பின்னேரத்துக்குள் தாயிடம் மூன்று பேர் விசாரித்துவிடுவார்கள். கலியாணத்துக்குப் பிறகு சைக்கிளே இல்லை, ஸ்கூட்டிதான். 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுப் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கிராமத்துப் பெண்களுக்குக் கற்பித்தது. தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, பிள்ளையைப் பள்ளிக்கூடம் விட என்று பயன்கள் நிறையவே இருந்தன. ஆனால் அந்த இயக்கத்தைப் பற்றி எழுதிய பி. சாய்நாத் அழுத்திச் சொன்னது பணக் கணக்கை இல்லை, அந்தப் பெண்களுக்கு வந்த தன்னம்பிக்கையை. நாங்கள் ஒரு படி முன்னால் நிற்கிறோம் என்று பெருமைப்படுகிறோம். எங்கள் பெண்களுக்கு ஓடத் தெரியும், ஓட ஒரு சாட்டு வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சாட்டில்லாமல் ஒரு பெண் ஓடக்கூடிய ஊர் எதுவோ அதுதான் சைக்கிள் ஊர். இந்த அளவுகோலில் அரியாலை இன்னும் தேறவில்லை.

ஆபத்து என்பது உண்மையான மறுப்பு, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஏ9இல் பஸ்களும் மணல் ரிப்பர்களும் ஓடும் ஓட்டம் எல்லாருக்கும் தெரியும். ரயில் பாதையில் காவலில்லாத கடவைகள் பல. ரயில் திரும்பி வந்தபிறகு குடாநாட்டில் அவற்றில் உயிர்கள் போயிருக்கின்றன. இருட்டில் நாய்கள். மழைக்குப் பிறகு ஒழுங்கைப் பள்ளங்கள், எந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று தண்ணீர் சொல்லாது. இதற்கு மறுமொழி வீரம் இல்லை, வழி தெரிவு. கண்டி வீதியில் ஓடவேண்டிய துண்டை விடிய ஆறரைக்கு முன்னே ஓடி முடிக்கலாம், மற்றதெல்லாம் உள் ஒழுங்கை. கடவையில் இறங்கி உருட்டவேண்டும், பாட்டைக் காதிலிருந்து கழற்றவேண்டும். டைனமோ போய்விட்ட காலத்தில் பின்னுக்கு ஒரு சிவப்பு லைற் முந்நூறு நானூறு ரூபாச் சாமான்தான். அதைப் போடாமல் கறுப்புச் சேட்டோடு ஏழு மணிக்குச் செம்மணியால் வருகிறவரை நான் சைக்கிள் பிரியர் என்று ஒத்துக்கொள்ளமாட்டேன். மீதியைச் செய்யவேண்டியது ஆட்சி. அரியாலை யாழ் மாநகர சபைக்கும் நல்லூர் பிரதேச சபைக்கும் பங்குபட்டுக் கிடக்கிறது. பொகோட்டாவைப் போல 120 கிலோமீற்றர் வேண்டாம். மாம்பழச் சந்தியிலிருந்து கொழும்புத்துறைப் பக்கம் போகும் உள்வீதி ஏதாவது ஒன்றை மாதத்தில் ஒரு ஞாயிறு விடிய இரண்டு மணித்தியாலம் வாகனத்துக்கு மறித்துப் பார்க்கலாம். ஒரு கயிறும் இரண்டு பொலிசும் போதும். யாரும் வராவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போகலாம், நட்டமில்லை.

இதை எழுதினால் சைக்கிள் சின்னத்துக்கு ஆதரவு தேடுகிறேன் என்று ஒருவர் சொல்லத்தான் போகிறார். தமிழ்க் காங்கிரஸ் தன் சின்னத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள் கொண்டுவந்த மோகம் இது, தொப்பியும் இறுக்கமான காற்சட்டையும் லட்சக்கணக்கில் விலை போகும் சைக்கிளும் என்ற பேச்சும் வரும். அப்படி ஓடுகிறவர்களும் ஓடட்டும். ஆனால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடக்கூடிய ஒரே விளையாட்டு இதுதான் என்பதை அவர்கள் முன்னால் நாங்கள் மறைக்கத் தேவையில்லை.

வெக்கை பற்றிச் சொல்லவில்லை, ஏனென்றால் அது நேரம் பார்த்துப் போனால் தீரும் பிரச்சினை. ஏழரைக்கு முன், நாலரைக்குப் பின். மேடில்லாத ஊரில் சைக்கிள்காரனுக்கு மேடு காற்றுத்தான், அதற்கு நேரம் பார்த்துப் பயனில்லை, திசை பார்க்கவேண்டும். மே தொடக்கம் செப்ரெம்பர் வரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். அந்த மாதங்களில் வட்டத்தைச் செம்மணிப் பக்கமிருந்து தொடங்குங்கள்: மறைப்பில்லாத நாவற்குழி வெளியைக் காற்று முதுகில் தள்ளக் கடந்து போய், திரும்பும்போது கோப்பாய், இருபாலை, நல்லூர் என்று வீடும் மரமும் மறைக்கும் வீதியால் எதிர்காற்றுக்கு ஒளித்து வரலாம். கைதடியிலிருந்து கோப்பாய்ப் பாலம் வரையும் பக்கக்காற்றுக் கொஞ்சம் தள்ளாட்டும், பொறுக்கவேண்டும். நவம்பருக்குப் பிறகு வாடை வடகிழக்கால் வரும். அப்போது இதை மறுவளமாக ஓடவேண்டும், நல்லூரால் ஏறி நாவற்குழியால் இறங்கி. மறந்துபோய்ச் சோளகத்தில் நாவற்குழிப் பாலத்தால் மேற்கே திரும்பி வருகிறவர்களை ஓகஸ்டில் காணலாம், ஹாண்டிலில் நெஞ்சை வைத்து, நடக்கிறவனுக்கும் பிந்தி.